ஏஞ்சல்ஸைக் கவிழ்த்தவை நிர்வாகத்தின் முடிவுகளே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கு என்ன? லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் பேஸ்பால் அணி 2014க்குப் பிறகு பிளேஆஃப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. 2015இல் 85 வெற்றி, 77 தோல்வி. தோல்வியைவிட வெற்றி அதிகமாக இருந்த கடைசி ஆண்டு அதுதான். 2024இல் 63 வெற்றி, 99 தோல்வி. அணியின் வரலாற்றிலேயே அதைவிட மோசமான ஆண்டு இல்லை. இத்தனைக்கும் 2018 முதல் 2023 வரை ஆறு ஆண்டுகள் மட்டையில் மேதையான மைக் டிரவுட்டும், பந்தும் வீசி மட்டையும் பிடிக்கும் ஷோஹெய் ஓட்டானியும் ஒரே அணியில் ஆடினார்கள். அப்படியும் விளங்கவில்லை என்றால் காரணம் காயங்களா, நிர்வாகத்தின் முடிவுகளா? முடிவுகளே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரு மருத்துவமனைக் கோப்பையே பிரித்து வாசித்துவிட்டுப் போனார். டிரவுட்டுக்கு 2021இல் கெண்டைக்கால் காயம், 36 ஆட்டங்களோடு சரி. 2023 ஜூலையில் இடது கையில் எலும்பு முறிவு. மூன்றாம் பேஸைக் காக்கும் ஆந்தனி ரெண்டனுக்கு இடுப்பு, மணிக்கட்டு, கீழ்க்கால். எல்லாம் உண்மை, மறுக்கவில்லை. 2019இல் அணியின் பிட்ச்சர், அதாவது பந்து வீச்சாளர், டைலர் ஸ்கேக்ஸ் இறந்ததை மட்டும் எந்த அணியும் வாதத்துக்கு இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மற்றதைப் பேசுவோம்.

முதலில் ஆட்டத்தின் கணக்கு. ஒரு சீசனுக்கு 162 ஆட்டம். ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ் வீதம் ஓர் அணி வீச வேண்டியது ஏறத்தாழ 1,450 இன்னிங்ஸ். ஏஞ்சல்ஸில் ஓட்டானி அதிகம் வீசியது 2022இல், 166 இன்னிங்ஸ். மீதி 1,280 சொச்சத்தை யார் வீசுவது? டிரவுட் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் ஓர் ஆட்டத்தில் நான்கைந்து முறைதான் மட்டை பிடிக்க முடியும். எட்டு பேருக்குப் பிறகுதான் அவருடைய முறை திரும்ப வரும். இந்த விளையாட்டில் இரண்டு மேதைகளை வைத்து டிக்கெட் விற்கலாம், சீசனை ஓட்ட முடியாது. 26 பேர் களப்பட்டியல், 40 பேர் ஒப்பந்தப் பட்டியல், அதற்குக் கீழே இளைஞர்கள் பழகும் மைனர் லீக். இந்த மூன்று அடுக்கில் கீழ் இரண்டும் காலியாக இருந்தால், மேலே ஒருவருக்குத் தசை பிடித்தாலே அணி படுத்துவிடும். காயம் எல்லா அணிக்கும் வருகிறது. காயம் வந்த அன்று அழைக்க ஆள் இல்லாமல் போனது எப்படி?

பணம் போன வழியைப் பாருங்கள். 2011 டிசம்பரில் ஆல்பர்ட் பூஹோல்ஸுக்குப் பத்தாண்டு, 24 கோடி டாலர். ஆட வந்தபோது அவருக்கு வயது 32. அடுத்த ஆண்டு ஜாஷ் ஹேமில்டனுக்கு ஐந்தாண்டு, 12.5 கோடி, 2015 ஏப்ரலிலேயே பழைய அணிக்குத் திருப்பி அனுப்பினார்கள். 2019 டிசம்பரில் 29 வயது ரெண்டனுக்கு ஏழாண்டு, 24.5 கோடி. மூன்றும் ஒரே தவறு: வேறு ஊரில் அடித்த அடிக்கு இந்த ஊரில் கூலி. ஹிட்டர்களின் உச்சம் பொதுவாக முப்பது வயதுக்குள் முடிந்துவிடும் என்பது இந்தத் துறையில் யாருக்கும் தெரியாத ரகசியமா?

ரெண்டன் 2020 முதல் 2024 வரை ஆடிய ஆட்டங்கள் முறையே 52, 58, 47, 43, 57. 2025இல் பூஜ்யம். நடந்த 870 ஆட்டங்களில் 257. "இது துரதிர்ஷ்டம்தானே?" என்று எதிரணி கேட்கும். அவர் விழுந்தது துரதிர்ஷ்டம், சரி. அவரை வாங்கிய வாரத்தில் நடந்ததைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

2019 சீசனில் ஏஞ்சல்ஸின் எந்தப் பிட்ச்சரும் 110 இன்னிங்ஸைத் தொடவில்லை. ஓட்டை பிட்ச்சிங்கில். அந்தக் குளிர்காலத்தில் பிட்ச்சர் கெரிட் கோல் 32.4 கோடிக்கு யாங்கீஸிடம் போனார். உடனே இவர்கள் அந்த 24.5 கோடியை மூன்றாம் பேஸ்காரரான ரெண்டனிடம் கொடுத்தார்கள். பிட்ச்சிங்குக்கு 90 லட்சத்தில் ஹூலியோ டெஹரான். கூரை ஒழுகும் வீட்டுக்கு வெள்ளிக் கதவு போட்ட மாதிரி. 2020இல் டெஹரானின் ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன் சராசரி, குறைவாக இருந்தால் நல்லது) 10.05, ஒரு வெற்றிகூட இல்லை.

இன்னொன்று பலருக்கும் மறந்திருக்கும். ரெண்டன் ஒப்பந்தத்துக்கு ஒருநாள் முன்பு, டிசம்பர் 10 அன்று, ஸாக் கோஸார்ட்டை சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கு அனுப்பினார்கள். அவருக்குப் பாக்கி இருந்த சம்பளம் 1.27 கோடி. அந்தச் சுமையை ஜயன்ட்ஸ் ஏற்பதற்குக் கூலியாக, ஆறு மாதம் முன்புதான் டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைப் பொறுக்கும் தேர்வில், 15ஆவது இடத்தில் எடுத்த வில் வில்சனையும் சேர்த்தே கொடுத்தார்கள். ஜயன்ட்ஸ் அடுத்த மாதமே கோஸார்ட்டை விட்டுவிட்டது. அவர்களுக்கு வேண்டியது அந்தப் பையன்தான். வில்சன் பிறகு நட்சத்திரமானாரா இல்லையா என்பது கேள்வியே அல்ல. முதல் சுற்று வீரரின் மதிப்பு 1.27 கோடி என்று உரிமையாளர் ஆர்ட்டே மொரேனோவின் அணி தானே விலைச்சீட்டு ஒட்டியது. கீழடுக்கு ஏன் காலி என்று இனிமேலும் கேட்க வேண்டுமா?

பிட்ச்சிங்குக்கு ஆண்டுதோறும் இதே வைத்தியம்: வேறு இடத்தில் சரிந்த ஒருவரை ஓராண்டு ஒப்பந்தத்தில் பிடிப்பது. 2019இல் மேட் ஹார்வி, 1.1 கோடி, ஈ.ஆர்.ஏ. 7.09, ஜூலையில் வீட்டுக்கு. 2021இல் ஹோசே கின்டானா, 80 லட்சம், 6.75. ஓராண்டு ஒப்பந்தத்தில் ஆபத்து குறைவு என்பார்கள். ஆளுக்கு ஆள் பார்த்தால் குறைவுதான். ஆனால் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்ச்சர்களுக்கான ஐந்து இடத்தில் மூன்றை இப்படி நிரப்பினால், மூவரும் ஒரே ஆண்டில் தேறினால்தான் பிழைப்பு.

2021 டிராஃப்டில் 20 சுற்றிலும் 20 பிட்ச்சர்களையே எடுத்தார்கள். துணிச்சல்தான், கைதட்டலாம். என்றாலும் அது திட்டமிட்டு வளர்த்தவர்கள் செய்கிற வேலை அல்ல. பல ஆண்டுப் பட்டினியை ஒரே பந்தியில் தீர்க்கப் பார்த்தார்கள். பிறகு இளைஞர்களை அவசரமாக மேலே ஏற்றும் பழக்கம் வந்தது. நோலன் ஷானுவலை 2023 ஜூலையில் எடுத்து, ஆறு வாரத்துக்குள் மேஜர் லீகில் இறக்கினார்கள். இறங்கிய நாளிலிருந்து சேவைக்காலம் ஓடத் தொடங்கிவிடும். ஆறு சேவை ஆண்டு முடிந்தால் வீரர் சுதந்திரப் பறவை. அணி தோற்றுக்கொண்டிருந்த ஆகஸ்டில் அந்தக் கடிகாரத்தை முடுக்கி என்ன லாபம்? ஸாக் நேட்டோ விஷயத்தில் அவசரம் பலித்தது, ஒப்புக்கொள்கிறேன். பிராண்டன் மார்ஷைக் கொடுத்து லோகன் ஓஹாப்பியை வாங்கியதும் நல்ல டிரேட். பத்தாண்டில் பாராட்ட அவ்வளவுதான் கிடைக்கிறது.

2023க்கு வருகிறேன். சம்பள வரி வரம்பு, அதாவது அணியின் மொத்தச் சம்பளம் தாண்டினால் வரி கட்ட வேண்டிய கோடு, 23.3 கோடி. வரிக்கணக்கில் டிரவுட்டுக்கு ஏறத்தாழ 3.55 கோடி, ரெண்டனுக்கு 3.5, ஓட்டானிக்கு 3. மூன்று பேரே வரம்பில் நூற்றுக்கு 43 பங்கு. சீசன் முடிந்ததும் ஓட்டானி போகலாம் என்பது ஊரறிந்த விஷயம். ஜூலை 26 அன்று டிரேட் செய்தார்கள், ஆனால் ஓட்டானியை விற்கவில்லை. சிகாகோ ஒயிட் சாக்ஸிடமிருந்து லூகஸ் ஜியோலிட்டோவையும் ரெய்னால்டோ லோபஸையும் வாங்க, 20 வயது கேட்சர் எட்கர் கேரோவையும், அந்த 20 பிட்ச்சர்களில் ஒருவரான கை புஷ்ஷையும் கொடுத்தார்கள். வாங்கிய இருவரும் சீசன் முடிவில் ஒப்பந்தம் தீர்ந்து போகிறவர்கள்.

ஜூலை முடிவில் 56 வெற்றி, 51 தோல்வி. அடுத்து ஏழு தோல்வி வரிசையாக. ஆகஸ்ட் 3 அன்று சியாட்டிலுக்கு எதிராக ஓட்டானி நான்கு இன்னிங்ஸ் ரன் தராமல் வீசினார், எட்டாவதில் தானே ஹோம் ரனும் அடித்தார். 3-1 முன்னிலையோடு ஒன்பதாவது. சியாட்டிலின் கேட் மார்லோ, ஒரே அடியில் நான்கு ரன் தரும் கிராண்ட் ஸ்லாம் அடித்தார், 5-3 தோல்வி. ஒரு மனிதர் இதற்கு மேல் என்ன செய்வார்? ஆகஸ்ட் மாதக் கணக்கு 8-19. ஜியோலிட்டோ ஆறு ஆட்டம் வீசினார், ஈ.ஆர்.ஏ. 6.89.

மாதக் கடைசியில் ஜியோலிட்டோ, லோபஸ், மேட் மூர் உள்பட ஆறு பேரை வெய்வரில் போட்டார்கள். வெய்வர் என்றால், மீதிச் சம்பளத்தை ஏற்கிற எந்த அணியும் எடுத்துக்கொள்ளலாம். பதிலுக்கு ஒரு மைனர் லீக் பையன்கூட வராது. அந்த மூவரையும் கிளீவ்லேண்ட் சும்மா அள்ளிக்கொண்டு போனது. ஏன் இந்த அவசரம்? வரி வரம்புக்குக் கீழே இறங்க. வரம்புக்கு மேலே இருந்தால், ஓட்டானி போகும்போது ஈடாகக் கிடைக்கும் டிராஃப்ட் தேர்வு இரண்டாம் சுற்றின் முடிவிலிருந்து நான்காம் சுற்றின் முடிவுக்குத் தள்ளிப் போகும். டிசம்பரில் ஓட்டானி 70 கோடிக்கு டாட்ஜர்ஸுக்குப் போனார். ஏஞ்சல்ஸுக்குக் கிடைத்தது 2024 டிராஃப்டில் 74ஆவது தேர்வு.

"ஓட்டானியை விற்றிருந்தால் ரசிகர்கள் விட்டிருப்பார்களா?" என்று எதிரணித் தலைவர் கேட்டார். 2022 ஆகஸ்டில் வாஷிங்டன் நேஷனல்ஸ் ஹுவான் சோட்டோவை விற்றது. வந்தவர்களில் சி.ஜே. ஏப்ரம்ஸ், மெக்கன்ஸி கோர், ஜேம்ஸ் வுட் மூவரும் பிறகு ஆல்-ஸ்டார் ஆனார்கள். நேஷனல்ஸும் இன்னும் தேறவில்லையே என்பீர்கள். சரிதான், ஆனால் கையில் சரக்கு வந்தது. அதே கெடுவில், அதாவது சீசன் நடுவே வீரர்களை மாற்றிக்கொள்ள இருந்த கடைசி நாளில், ஓட்டானிக்கு இன்னும் ஒன்றேகால் சீசனுக்கு மேல் ஒப்பந்தம் பாக்கி இருந்தது. விலை உச்சத்தில் இருந்த நேரம்.

நடுவர் மணியை நெருங்குகிறார், எதிரணியின் அடுத்த பேச்சாளருக்கு ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்தக் கெடு முடிந்து மூன்று வாரத்தில், அணியை விற்கப் பார்க்கிறேன் என்று மொரேனோ அறிவித்தார். 2023 ஜனவரியில், விற்கவில்லை என்றார். ஓட்டானியிடம் நீண்ட ஒப்பந்தம் பேச வேண்டிய அந்த ஐந்து மாதமும், அடுத்த முதலாளி யார் என்றே தெரியாத அணி அது. அந்த ஐந்து மாதத்தில் யாருக்கு எந்த எலும்பு முறிந்திருந்தது?