பாம்புக்கடியும் பட்டமேற்படிப்பும்

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மாவட்டச் சுகாதார அலுவலர் அவர்களே, நடவு வேலையை நிறுத்திவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவி அம்மையார் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். சென்ற ஆண்டு அழைத்தபோது வர இயலாமற்போனதை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் மீண்டும் அழைத்த முதல்வரின் பெருந்தன்மைக்கு முதற்கண் நன்றி. தலைவி அம்மையாருக்குத் தனியாகவும் நன்றி சொல்ல வேண்டும். வயல்வெளிப் பாதைக்கு விளக்குப் போட வைத்தவர் அவர். அதன் அருமை என் பேச்சு முடிவதற்குள் உங்களுக்கு விளங்கும்.

நாட்டெல்லைகளைத் தாண்டி எல்லா மக்களின் நலத்தையும் ஆராயும் உலகளாவிய சுகாதாரத்தைப் பட்டமேற்படிப்பாக ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது, எங்கே படிப்பது, படித்தபின் எதற்காக உழைப்பது என்னும் மூன்று செய்திகளோடு வந்திருக்கிறேன். லிவர்பூலில் 1898லும் லண்டனில் 1899லும் வெப்பமண்டல மருத்துவப் பள்ளிகள் தோன்றின. குடியேற்ற நாடுகளுக்குப் போகும் தம்மவரைக் காய்ச்சலிலிருந்து காப்பது அன்றைய பெருங்கவலை. 1978இல் அன்றைய சோவியத் நாட்டின் அல்மா அட்டா நகரில் கூடிய நாடுகள், 2000ஆம் ஆண்டுக்குள் அனைவருக்கும் நலவாழ்வு என்று அறிவித்தன. அந்த 'அனைவரில்' வரப்பில் வெறுங்காலோடு நடப்பவர் இருக்கிறாரா என்பதே என் கேள்வி.

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். உலகச் சுகாதாரப் படையோ பாம்பின் பக்கம் திரும்பிப் பார்க்கவே நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் பாம்புக்கடி நஞ்சேற்றத்தை உலக சுகாதார நிறுவனம் முதன்மை வரிசையில் சேர்த்தது 2017இல்தான். ஆண்டுதோறும் 81,000 முதல் 1,38,000 பேர் வரை இதனால் இறக்கிறார்கள் என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு. இந்தியாவில் மட்டும் 2000 முதல் 2019 வரை ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது.

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றிய காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒன்பது வயதுச் சிறுமி. கோடை இரவில் பாட்டியோடு திண்ணையில் பாய் விரித்துப் படுத்திருந்தாள். பின்னிரவில் வயிறு வலிக்கிறது என்று எழுப்பினாள். கோயில் கொடையில் சாப்பிட்டது சேரவில்லை என்று பாட்டி ஓமத் தண்ணீர் கொடுத்தார். விடிந்தபோது இமைகள் பாதி இறங்கியிருந்தன; தூக்கக் கலக்கம் என்றார்கள். எச்சில் விழுங்க முடியவில்லை என்றதும் பக்கத்து ஊரில் மந்திரிப்பவரிடம் கொண்டுபோனார்கள். எங்களிடம் வந்தபோது மணி எட்டு. உடலில் கடித்த தடமே இல்லை. கட்டுவிரியன் கடி பெரும்பாலும் அப்படித்தான், கடித்த இடத்தில் வலியும் தெரியாது, வீக்கமும் இராது. அன்று எங்கள் நிலையத்தில் முறிமருந்து ஒரு குப்பிகூட இல்லை. பால் வண்டியை மறித்து அவளை ஏற்றினோம். மூச்சு தளர்ந்தபோது செவிலியர் காற்றுப்பையை வாயில் பொருத்தி அமுக்கத் தொடங்கினார்; அவர் கை ஓய்ந்ததும் தந்தை வாங்கிக்கொண்டார். பெரிய மருத்துவமனையில் முறிமருந்து ஏற்றினார்கள். செயற்கைச் சுவாசக் கருவி ஒன்றும் ஒழியவில்லை. இரண்டு இரவு, ஒரு பகல், அந்தத் தந்தையும் தாய்மாமனும் மாறிமாறி அந்தப் பையை அமுக்கியே மகளை மூச்சுவிட வைத்தார்கள். பாம்பென்றால் படையும் நடுங்கும். அந்தத் தந்தையின் கை நடுங்கவில்லை. மூன்றாம் நாள் காலை அவள் இமை திறந்தாள். வீட்டிலிருந்த இரண்டு கறவை மாடுகளும் அந்தச் செலவில் போயின.

மாணவர்களே, இந்த நிகழ்ச்சிக்குள்ளேயே உங்கள் பாடத்திட்டம் முழுவதும் இருக்கிறது. குதிரைக்குச் சிறுகச் சிறுக நஞ்சேற்றி அதன் குருதியிலிருந்து முறிமருந்து எடுக்கும் முறை 1890களில் உருவானது. இன்றும் அடிப்படை அதுவே. ஆப்பிரிக்கப் பாம்புகளுக்கான முக்கியமான முறிமருந்து ஒன்றின் தயாரிப்பை ஐரோப்பிய நிறுவனம் ஒன்று 2014இல் நிறுத்தியது. கடைசித் தொகுதி 2016இல் காலாவதியாயிற்று. கடிபடுபவர் ஏழை உழவராக இருந்தால் மருந்துக்குச் சந்தை இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் சொல்லாது.

எங்கே படிப்பது என்ற செய்திக்கு வருகிறேன். எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் போங்கள். அதற்குமுன் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலிக்குப் போய்வாருங்கள். 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் அங்கே நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிலிருந்தும் நஞ்செடுத்து முறிமருந்து நிறுவனங்களுக்கு அளிக்கிறது. இருளர் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒரே இனப் பாம்பின் நஞ்சும் இடத்துக்கிடம் மாறுவதால், இங்கெடுத்த நஞ்சில் உருவான மருந்து எல்லா ஊரிலும் ஒரேபோல் வேலை செய்வதில்லை. இலங்கையும் இந்திய முறிமருந்தையே நம்பியிருக்கிறது. ஆகவே இது நம் வரப்பில் தொடங்கி நாடுகளைக் கடக்கும் ஆராய்ச்சி.

தமிழ்நாடு அரசு 2024இல் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. மருத்துவமனைக்கு வந்தவர் இனிக் கணக்கில் ஏறுவார். வழியிலேயே இறந்தவரை யார் எண்ணுவது? மேடையின் வலப்புறம் ஒரு பதிவேடு வைத்திருக்கிறேன். மழைக்காலத்துக்குமுன் இந்த ஒன்றியத்தின் வீடுகளுக்குச் சென்று, கடித்த நேரம், மருத்துவமனையை அடைந்த நேரம், ஆன செலவு மூன்றையும் கேட்டு எழுதிவர முன்வருவோர் அதில் பெயர் எழுதுங்கள். முதல் பெயரைத் தலைவி அம்மையார் எழுதிவிட்டார்.