முதல் வாடிக்கையாளர் நடந்துபோகிற தூரத்தில் இருக்கட்டும்

(திருகோணமலையில் இளைஞர்களும் பெற்றோரும் கடைக்காரர்களும் கூடியிருந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மாரே, தம்பி தங்கச்சிமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

கணினி படித்த பிள்ளைகளுக்கு இந்த ஊரில் குறைவில்லை. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. அங்கே பட்டம் எடுத்தவர்கள், டிப்ளோமா முடித்தவர்கள், யூடியூப் பார்த்துத் தாங்களாகவே படித்தவர்கள் என்று பலரை எனக்குத் தெரியும். வேலை என்று வரும்போது பலரும் கொழும்புக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். இங்கேயே இருந்து சின்னதாக ஒரு கைபேசிச் செயலிக் கம்பனி தொடங்கினால் என்ன என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: “அனுபவம் காணாது அண்ணா.”

சரி, எந்த அனுபவம் காணாது? நிரல் எழுதுகிற அனுபவத்தை வீட்டில் இருந்தே சேர்க்கலாம். செயலி செய்ய உதவுகிற மென்பொருள்களான அண்ட்ரொய்ட் ஸ்டூடியோ இலவசம். ஃபிளட்டர் இலவசம். ஒரு சுமாரான லப்டொப்பும் பொறுமையும் இருந்தால், ஒரு சின்னச் செயலியை முழுதாக முடிக்கிற அளவுக்குக் கை பழகிவிடும். உண்மையில் பலரிடம் இல்லாதது, அந்தச் செயலியைப் பாவிக்கப் போகிறவருடைய வேலையைக் கிட்ட இருந்து பார்த்த அனுபவம். கொழும்பில் பத்தாவது மாடியில் இருக்கிற கம்பனிக்காரருக்கும் அது இல்லை. அவர் இங்கே வந்து பார்க்க ஆறேழு மணித்தியாலம் பயணம் செய்யவேண்டும். நீங்கள் சைக்கிளில் போய்ப் பார்க்கலாம். நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இதைத்தான்: அனுபவம் குறைந்தவருக்கு இருக்கிற ஒரே பலம் கிட்ட இருப்பது. அதை விட்டுவிட்டு வேறு எங்கேயும் தொடங்கவேண்டாம்.

ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம்முடைய கரைகளில் கரைவலை இழுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். வலை கரைக்கு வந்து மீன் விலைபோனதும் கணக்குத் தொடங்கும். முதலில் செலவு கழியும். மிச்சத்தில் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு ஒரு பங்கு, இழுத்தவர்களுக்குப் பங்கு. இழுத்தவர்களில் ஒருவர் முற்பணம் வாங்கியிருப்பார், இன்னொருவர் பாதியில்தான் வந்து சேர்ந்திருப்பார். இவ்வளவும் ஒரு சீ.ஆர். கொப்பியில் இருக்கும். இதற்கொரு செயலி செய்யலாம் என்று வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் என்ன வரும்? அழகான நிறம், வரைபடம், பயனர் பெயர், கடவுச்சொல். கரையில் மீனவர் போட்டிருக்கிற கொட்டிலான வாடியில் போய் உட்கார்ந்தால் வேறு விஷயங்கள் தெரியவரும்.

நான் உட்கார்ந்து பார்த்தேன். கணக்கு எழுதுகிறவர் ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தார். உப்புத்தண்ணீர் பட்ட விரல் சொன்னதைத் திரை கேட்கவில்லை. ஒன்றை அமர்த்தினால் இன்னொன்று திறந்தது. வெயிலில் எழுத்தும் தெரியவில்லை. கடைசியில் அவர் வாயால் சொல்லச் சொல்ல, வாடிக்குள் நிழலில் இருந்த மகள் பதிந்தாள். அப்போதே இரண்டு விஷயம் விளங்கியது. செயலியைப் பாவிக்கப்போவது தகப்பன் இல்லை, மகள். அவளுக்கு வேண்டியது பெயர்ப் பட்டியலும் பெரிய எண் பலகையும்தான். அதைவிட முக்கியமான ஒன்று பிறகு தெரிந்தது. இன்றைய கணக்கைப் பதியும்போது அவள் நேற்றைய பக்கத்தையும் திரும்பத் திரும்பப் புரட்டினாள். ஏனென்றால் வாக்குவாதம் எப்போதும் நேற்றைய காசைப் பற்றித்தான் வரும். இன்றைய கணக்குக்கும் நேற்றைய கணக்குக்கும் ஒரே திரையில் இடம் வேண்டும் என்று எந்தச் சம்மாட்டியும் உங்களுக்கு எழுதித் தரமாட்டார். கேட்டாலும் சொல்லமாட்டார், அவருக்கு அது பழகிப்போன கை. பார்த்தால்தான் தெரியும்.

இன்னொன்று, கரையில் சிக்னல் எப்போதும் இருக்காது. ஆகவே பதிந்தது முதலில் போனுக்குள்ளேயே சேமிக்கப்படவேண்டும், சிக்னல் கிடைக்கும்போது இணையத்துக்குப் போகட்டும். இதற்கு வேண்டிய எஸ்கியூலைட் என்ற தரவுத்தளம் அண்ட்ரொய்ட் போன்களுக்குள் ஏற்கனவே இருக்கிறது. இணையம் இல்லாவிட்டால் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிற செயலியை வாடியில் ஒரு தரம் திறப்பார்கள், பிறகு திறக்கவே மாட்டார்கள்.

மீன்பிடியும் கைபேசியும் என்றதும் கேரளத்தில் நடந்த ஒன்று ஞாபகத்துக்கு வருகிறது. 1997க்கும் 2001க்கும் இடையில் வட கேரளக் கரையோரங்களுக்குக் கைபேசி வந்தது. அதற்கு முன், மீனோடு வருகிற வள்ளக்காரருக்கு எந்தக் கரையில் என்ன விலை என்று தெரியாது. ஒரு கரையில் வாங்க ஆளில்லாமல் மத்தி மீனைக் கொட்டுவார்கள், பக்கத்துக் கரையில் மீன் கிடைக்காமல் வாங்க வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள். போன் வந்ததும் கடலில் இருந்தே விலை கேட்டுவிட்டுக் கரையைத் தெரிவு செய்தார்கள். ரொபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் இதை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார். கொட்டி வீணாகிற மீன் அநேகமாக இல்லாமலே போனது, மீனவருக்கு இலாபம் 8 வீதம் கூடியது, வாங்குகிறவருக்கு விலை 4 வீதம் குறைந்தது. அங்கே செயலி என்று ஒன்றுமே இருக்கவில்லை, வெறும் போன் அழைப்புத்தான். சரியான இடத்தில் சரியான தகவல் போய்ச் சேர்ந்தது. உங்களுடைய முதல் செயலி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் இப்படி ஒருவருடைய கையில் காசாக நிற்கவேண்டும் என்பது என் ஆசை.

வாடகை வண்டி, சாப்பாடு, கடைச் சாமான் எல்லாம் ஒரே செயலியில் என்று சிலர் திட்டம் கொண்டுவருகிறார்கள். அதற்கு ஓட்டுநரும் வேண்டும், பயணியும் வேண்டும், இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் சேர்க்க விளம்பரக் காசும் வேண்டும். இப்போதைக்கு அதைத் தள்ளி வையுங்கள்.

நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களையும் பாருங்கள். இவர்களுக்கு அறை பதிவு செய்யும் தளம் ஒன்றைச் செய்துகொடுக்கப் போகாதீர்கள், அது உலகத்துப் பெரிய கம்பனிகளின் களம். ஆனால் சமையலறைக் கொள்வனவு, நாட்கூலி, புறாமலைத் தீவுக்குப் போகிற படகு வரிசை எல்லாம் இன்னும் கடதாசியில் எழுதுகிற இடங்கள் உண்டு. எப்போது போய்ப் பேசுவது என்பதும் முக்கியம். நமக்கு மே முதல் செப்டெம்பர் வரை சுற்றுலாப் பருவம். அந்த மாதங்களில் முதலாளியைப் பிடிக்கவே முடியாது. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் போனால் தேநீர் கொடுத்து உட்காரவைத்துக் கதைப்பார். அப்போது செய்து பழக்கிவிட்டால் அடுத்த பருவத்துக்குக் கை கொடுக்கும். இந்த ஊரில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே கடையில் வேலை செய்கிறார்கள். ஆகவே முதல் நாளிலிருந்தே தமிழையும் சிங்களத்தையும் சேர்த்தே வடிவமையுங்கள். பிறகு ஒட்டவைப்பது இரட்டை வேலை.

இனிக் காசு. செயலியை வெளியிடுவதற்குக் கூகுள் பிளேயில் கணக்குத் திறக்க 25 டொலர், அது ஒரு தரம் கட்டினால் போதும். அப்பிளுக்கு வருடாவருடம் 99 டொலர். நம்முடைய ஆட்கள் பெரும்பாலும் அண்ட்ரொய்ட் போன்தான் வைத்திருக்கிறார்கள், ஆகவே அப்பிள் பிறகு வரட்டும். 2023 நவம்பர் 13க்குப் பிறகு தனியாள் பெயரில் திறந்த கூகுள் கணக்கென்றால், செயலியைப் பொதுவில் விடுவதற்கு முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாட்கள் அதைச் சோதித்திருக்க வேண்டும். பலர் இந்த விதியை ஏசுகிறார்கள். எனக்கு இது நல்ல விதியாகவே படுகிறது. காசு வாங்கிக்கொண்டு சோதனைக்கு ஆள் பிடித்துத் தருகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் போகாதீர்கள். உண்மையாகவே அந்த வேலையைச் செய்கிற 12 பேரைப் பிடியுங்கள். அந்த இரண்டு கிழமையில் அவர்கள் கேட்கிற கேள்விகளுக்கு விலையே இல்லை.

விலை சொல்லும்போது நம் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். ஒரு தொகையைச் சொல்லிச் செய்துகொடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். முடியாது. புதிய அண்ட்ரொய்ட் பதிப்புக்கு ஏற்பச் செயலியைப் புதுப்பிக்கக் கூகுள் வருடாவருடம் காலக்கெடு வைக்கிறது. புதுப்பிக்காவிட்டால் புதுப் போன் வாங்கியவருக்கு உங்கள் செயலி பிளேயில் கிடைக்காது. ஆகவே செய்கூலி வேறு, வருடப் பராமரிப்புக் கூலி வேறு. இரண்டையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். தரவை இணையத்தில் வைத்திருக்கிற கணினியான சேர்வரின் வாடகை டொலரில் வரும், வாடிக்கையாளர் ரூபாவில் தருவார். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் நின்றது, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. மூன்று வருடத்துக்கு ஒரே விலை என்று கையெழுத்துப் போட்டவர்களுக்கு என்ன நடந்திருக்கும் என்று யோசியுங்கள். சேர்வர் செலவை டொலரின் விலையோடு சேர்த்துத் திருத்தலாம் என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். அதே மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இருக்கவில்லை. இப்படி லப்டொப்பைத் திறக்கமுடியாத நாளுக்காக, நிரலின் பிரதி ஒன்று உங்கள் லப்டொப்புக்கு வெளியே எப்போதும் இருக்கவேண்டும்.

ஒபிஸ் எடுக்க அவசரப்பட வேண்டாம். தங்கச்சியின் நகையை அடகு வைத்துக் கண்ணாடிக் கதவு போடுவது தொழில் ஆகாது. ஆனால் கடதாசி வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். தனியாகச் செய்தால் வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியலாம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி ஒரே ஒருவர் பங்குதாரராகவும் பணிப்பாளராகவும் இருந்தே தனியார் கம்பனி தொடங்கலாம், கம்பனிச் செயலாளர் ஒருவரை நியமிக்கவேண்டும். இரண்டு நண்பர்கள் கூட்டுச் சேர்ந்தால் கட்டாயம் எழுதுங்கள். மூலதனம் 1000 ரூபாவைத் தாண்டினால் கூட்டு ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும் என்பது 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. ஒருவர் வெளிநாடு போனால் நிரல் யாருக்கு, வாடிக்கையாளர் யாருக்கு என்று சிநேகிதமாக இருக்கும்போதே பேசி முடித்துவிடுங்கள். பிறகு பேச வாய் வராது.

வாடிக்கையாளரின் தரவில் கவனமாக இருங்கள். பங்குக் கணக்குச் செயலிக்குப் போனில் இருக்கிற தொடர்பு எண்கள் எதற்கு, இருக்கும் இடம் எதற்கு? தேவையில்லாத அனுமதி ஒன்றையும் கேட்காதீர்கள். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. சட்டத்தை விடுங்கள், இந்த ஊர் சின்னது. ஒரு கடைக்காரரின் கடன் கணக்கு வெளியே கசிந்தால் அடுத்த கடை உங்களுக்குக் கதவு திறக்காது.

பெற்றோரிடம் ஒரு வார்த்தை. பிள்ளை பகல் நேரத்தில் ஒரு பலசரக்குக் கடை வாங்கிலோ வாடியிலோ கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்திருந்தால், வேலையில்லாமல் திரிகிறான் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தத் தொழிலில் பாதி வேலை அதுதான். ஒரு வருடம் பொறுத்துப் பாருங்கள். அதற்குள் காசு கொடுத்துப் பாவிக்கிற ஒரு வாடிக்கையாளராவது வரவேண்டும் என்று பிள்ளையிடம் உறுதி கேளுங்கள், அது நியாயமான கேள்வி.

தமிழில் இரண்டு பக்கத்தில் ஒரு மாதிரி ஒப்பந்தம் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். வாசல் மேசையில் இருக்கிறது, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். இங்கே கடைக்காரர்கள், சம்மாட்டிமார், ஹோட்டல் வைத்திருப்பவர்கள் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கணக்கை முழுதாகக் காட்டவேண்டாம். இந்தப் பிள்ளைகளில் இருவரை ஒருநாள் உங்கள் பக்கத்தில் உட்காரவிட்டு, நீங்கள் கொப்பி எழுதுவதைப் பார்க்க விடுவீர்களா? சம்மதமானவர்கள் கையை உயர்த்துங்கள். தங்கச்சி, அந்தக் கொப்பியைக் கொண்டுவாருங்கள், பெயர்களை இப்போதே எழுதிக்கொள்வோம்.