உள்ள வந்தா வெளிய போகாத வைரஸ்கள்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு முக்கியமா எம்பிபிஎஸ் செகண்ட் இயர்ல மைக்ரோபயாலஜியோட மல்லுக்கட்டிட்டு இருக்கிற பிள்ளைங்களுக்காகத்தான் பேச வந்திருக்கேன், மத்தவங்களும் கேளுங்க, உங்க வீட்டுக்கும் தேவைப்படுற விஷயம்தான்.

மனுஷனுக்கு நோய் தர்ற டிஎன்ஏ வைரஸ் எதெதுன்னு கேட்டா ஹெர்பிஸ், ஹெப்படைட்டிஸ் பி, அடினோ, பாக்ஸ், பாப்பிலோமா, பாலியோமா, பார்வோன்னு மூச்சு விடாம ஒப்பிச்சிருவீங்க. எது சிங்கிள் ஸ்ட்ராண்ட்னா பார்வோ, எது நியூக்ளியஸுக்குள்ள போகாம சைட்டோபிளாசத்துலயே பெருகும்னா பாக்ஸ், இதெல்லாம் எம்சிக்யூவுக்குப் போதும். ஆனா வார்டுக்குப் போனா உங்களுக்குக் கைகொடுக்கப்போற கேள்வி வேற. காய்ச்சல் விட்டு, கொப்புளம் காஞ்சு, பேஷண்ட் வீட்டுக்குப் போனதுக்கு அப்புறம் அந்த வைரஸோட டிஎன்ஏ எங்க போச்சு? ஒவ்வொரு வைரஸைப் படிக்கும்போதும் இதக் கேட்டுப் பாருங்க, பாதி சிலபஸ் தானா புரியும்.

முதல்ல பெரியம்மையை எடுத்துக்குவோம். இந்தியாவுல கடைசி கேஸ் 1975, இயற்கையா வந்த கடைசி கேஸ் 1977-ல சோமாலியாவுல, 1980-ல ஒழிஞ்சதா உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சாச்சு. தடுப்பூசி நல்லா வேலை செஞ்சுது, அம்மை போட்டவங்களப் பார்த்தாலே தெரிஞ்சுது, மிருகங்கள்ல இது ஒளிஞ்சு இருக்கல, இதெல்லாம் காரணம்தான், ஆனா அதோட சேர்த்து இன்னொண்ணும் இருக்கு, பொழச்சவங்க உடம்புல அந்த வைரஸ் தங்கல. சின்னம்மை அப்படி இல்ல. பாக்ஸ்னு பேர் இருந்தாலும் அது ஹெர்பிஸ் குடும்பம், வேரிசெல்லா ஸோஸ்டர். தோல்ல எல்லாம் ஆறின பிறகு நரம்பு வழியா மேல போயி முதுகுத்தண்டுக்குப் பக்கத்துல இருக்கிற டார்சல் ரூட் கேங்லியான்ங்கிற நரம்பு முடிச்சுலயும், முகத்துக்கான ட்ரைஜெமினல் கேங்லியான்லயும் உக்காந்துக்கும். நாளைக்கே உலகம் பூரா சின்னம்மை நின்னு போச்சுன்னு வெச்சுக்கங்க, அறுபது வருஷம் கழிச்சு ஒரு தாத்தாவுக்கு அதே வைரஸ் திரும்ப எழுந்து அக்கியா வந்து அதுல இருந்து தடுப்பூசி போடாத பேரனுக்கு சின்னம்மை வந்துரும்.

இதக் கண்டுபிடிச்சவர் பெரிய ஆராய்ச்சிக்கூடத்துல இருந்த ஆள் இல்ல. எட்கர் ஹோப் சிம்ப்சன்னு ஒருத்தர், இங்கிலாந்துல சைரன்செஸ்டர்ங்கிற சின்ன ஊர்ல ஜெனரல் பிராக்டிஸ் பண்ணிட்டு இருந்தவர். தன்கிட்ட வர்ற அக்கி பேஷண்ட் ஒவ்வொருத்தரையும் பதினாறு வருஷம் குறிச்சு வெச்சார், வெளியாள் நடமாட்டம் கம்மியா இருக்கிற ஷெட்லாண்ட் தீவுகளுக்கும் போயி விசாரிச்சார். யாருக்கிட்ட இருந்தும் தொத்தாம, சின்ன வயசுல வந்த அதே வைரஸ் உள்ளேருந்தே கிளம்பித்தான் அக்கி வருதுன்னு 1965-ல எழுதினார். வைரஸை கேங்லியான்ல நேரடியா காட்டுறதுக்கான டெக்னிக் எல்லாம் பிற்பாடுதான் வந்துச்சு. ஒரு நோட்டும் பேனாவும் பொறுமையும் வெச்சு ஒரு குடும்ப டாக்டர் இவ்ளோ தூரம் போனதை நினைச்சா எனக்கு இப்பவும் மரியாதையா இருக்கு.

நம்ம ஊர் ஓபில அக்கி எப்படி வரும் தெரியுமா? ஒரு அம்மா வருவாங்க, நெத்தியில ஒரு பக்கம் மட்டும் காவி பூசியிருக்கும், அக்கி எழுதிட்டு வந்திருப்பாங்க, நாலஞ்சு நாள் ஆயிருக்கும். "ரெண்டு நாளா மண்டை ஒரு பக்கம் எரிஞ்சுது டாக்டர், அப்புறம்தான் கொப்புளம் வந்துச்சு"ன்னு சொல்லுவாங்க. அவங்களத் திட்டாதீங்க, அது தலைமுறையா வர்ற நம்பிக்கை. ஈரப் பஞ்சால காவிய மெதுவா தொடச்சுட்டு மூக்கு நுனியப் பாருங்க. அங்க ஒரே ஒரு கொப்புளம் இருந்தாலும் நேசோசிலியரி நரம்பு மாட்டியிருக்குன்னு அர்த்தம், அதே நரம்புதான் கண்ணுக்கும் போகுது, அன்னைக்கே கண் டாக்டர்கிட்ட அனுப்பணும். அசைக்ளோவிர் 800 மில்லிகிராம் ஒரு நாளைக்கு அஞ்சு வேளை, ஏழு நாள், கிட்னி சரியா இருக்கான்னு பார்த்துட்டு. முதல் 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா நல்லது, ஆனா கண் மாட்டியிருந்தாலோ புதுக் கொப்புளம் வந்துட்டே இருந்தாலோ நாள் கடந்துருச்சுன்னு விட்டுறக்கூடாது.

அந்த அசைக்ளோவிர் எப்படி வேலை செய்யுதுன்னும் புரிஞ்சுக்கங்க. மாத்திரையா உள்ள போறப்ப அதால ஒண்ணும் பண்ண முடியாது, வைரஸோட சொந்த என்சைமான தைமிடின் கைனேஸ் அதுல முதல் பாஸ்பேட்டைச் சேர்த்தாத்தான் அது மருந்தாவே மாறும், அப்புறம் வைரஸ் டிஎன்ஏ நீள்றத நிறுத்தும். அதனாலதான் தொத்தாத செல்லுக்கு அதிகம் பாதிப்பு இல்ல. ஆனா அதே காரணத்தாலதான் கேங்லியான்ல சும்மா கிடக்கிற வைரஸை அது தொடவும் தொடாது, ஏன்னா அங்க கைனேஸும் இல்ல, டிஎன்ஏ நகல் எடுக்கிற வேலையும் நடக்கல. இதே ஹெர்பிஸ் குடும்பத்துல இருக்கிற சைட்டோமெகலோவைரஸுக்கு இந்த தைமிடின் கைனேஸே கிடையாது, அதுக்குத்தான் கான்சிக்ளோவிர்னு தனி மருந்துக்குப் போறோம்.

மத்ததெல்லாம் வேகமா பார்த்துரலாம். எப்ஸ்டீன் பார் வைரஸ், இதுவும் ஹெர்பிஸ் குடும்பம்தான், மெமரி பி செல்லுங்கிற வெள்ளை அணுவுல தங்கும். ஹெச்பிவி, அதான் பாப்பிலோமா, தோலோட அடி லேயர்ல தங்கும், பல வருஷம் போகாம இருந்து அதோட டிஎன்ஏ நம்ம குரோமோசோமுக்குள்ள போய்ச் சேர்ந்துச்சுன்னா வைரஸோட ஈ6 புரோட்டீன் வந்து, செல் கண்டபடி பெருகாம தடுக்கிற நம்ம பி53-ஐ காலி பண்ணும், ஈ7 அதே மாதிரி தடுக்கிற ஆர்பி புரோட்டீனை முடக்கும், கர்ப்பப்பை வாய் புத்துநோய் அப்படித்தான் வருது. பாலியோமா குடும்பத்து ஜேசி வைரஸ் கிட்னியில சத்தமில்லாம இருந்துட்டு எதிர்ப்பு சக்தி விழுந்தா மூளைக்குப் போகும். அடினோன்னா உங்களுக்கு மெட்ராஸ் ஐ ஞாபகம் வரும், ஆனா 1953-ல அத முதல்ல பார்த்தது அறுவை பண்ணி எடுத்த அடினாய்டு சதையில, கல்ச்சர்ல வெச்சா உள்ளேருந்து வைரஸ் கிளம்பி வந்துச்சு.

இப்ப ஹெப்படைட்டிஸ் பி. இதுக்குத்தான் நேரம் வெச்சிருந்தேன். பெரியம்மை வைரஸோட ஜீனோம் ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேஸுக்கு மேல, இது வெறும் 3,200 பேஸ், ஜீன்கள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கும். 1960-கள்ல பாரூக் பிளம்பர்க்ங்கிற அமெரிக்க ஆராய்ச்சியாளர் வைரஸைத் தேடிப் போகவே இல்ல, மனுஷங்க ரத்தத்துல இருக்கிற புரோட்டீன் வித்தியாசங்களத் தேடிட்டு இருந்தார், ஒரு ஆஸ்திரேலியப் பழங்குடி நபரோட சீரம் நிறைய ரத்தம் ஏத்திக்கிட்ட ஒரு ஹீமோபிலியா (ரத்தம் சரியா உறையாத நோய்) பேஷண்டோட சீரத்தோட வினை புரிஞ்சுது, அதுதான் ஆஸ்திரேலியா ஆன்டிஜென், நாம இன்னைக்கு டெஸ்ட் பண்ற சர்ஃபேஸ் ஆன்டிஜென், அதாவது ஹெப்படைட்டிஸ் பி வைரஸோட மேல் உறைப் புரோட்டீன். 1976-ல நோபல் கிடைச்சுது.

இந்த வைரஸ் கல்லீரல் செல்லோட நியூக்ளியஸுக்குள்ள போனதும் தன் அரைகுறை வட்ட டிஎன்ஏவ முழுசா மூடி, சிசிசி டிஎன்ஏங்கிற முழு வட்டமா ஆக்கிக்கும். அதுல இருந்து ஆர்என்ஏ எடுத்து, அந்த ஆர்என்ஏல இருந்து ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்ஷன்ல திரும்ப டிஎன்ஏ பண்ணும். இதுக்குக் குடுக்கிற டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரை எல்லாம் அந்தக் கடைசி வேலையத்தான் நிறுத்துது. பத்திரத்தோட ஒரிஜினல் பீரோவுல பத்திரமா இருக்க, ஜெராக்ஸை மட்டும் கிழிச்சுப் போடற மாதிரி. அதனால வைரல் லோடு ஜீரோ வந்துருச்சேன்னு பேஷண்ட் தானா மாத்திரைய நிறுத்தினா சில பேருக்குக் கல்லீரல் மோசமா கெட்டுப் போகும், இத மாத்திரை எழுதுற அன்னைக்கே உக்கார வெச்சு சொல்லுங்க.

கீழாநெல்லியப் பத்தி கண்டிப்பா உங்ககிட்ட கேப்பாங்க. 1988-ல மெட்ராஸ்ல தியாகராஜன் குழு, பிளம்பர்க்கும் கூட சேர்ந்து, ஹெப்படைட்டிஸ் பி இருக்கிறவங்களுக்கு கீழாநெல்லி குடுத்து நிறைய பேருக்கு ஆன்டிஜென் மறைஞ்சதா லான்செட் மருத்துவ இதழ்ல எழுதினாங்க. நியாயமான, தைரியமான முயற்சி. ஆனா பிற்பாடு வேற இடங்கள்ல பண்ணின ஆய்வுகள்ல அந்த அளவு பலன் வரல. அதனால கேக்கிறவங்ககிட்ட மூஞ்ச சுளிக்காம இதையே சொல்லுங்க, வைரல் லோடு பார்க்கிறதையும் ஸ்கேன் எடுக்கிறதையும் விடவேண்டாம்னு சொல்லுங்க. ரிட்டுக்சிமாப் மாதிரி எதிர்ப்பு சக்திய அடக்குற மருந்து ஆரம்பிக்கிற முன்னாடி சர்ஃபேஸ் ஆன்டிஜென் மட்டும் பார்த்துட்டு நெகட்டிவ்னு திருப்தி ஆயிராதீங்க, பழைய தொற்றைக் காட்டுற ஆன்டி ஹெச்பி கோர் டெஸ்டும் பாருங்க, ஆறிப்போன பழைய தொற்று கூட அந்த மருந்துல திரும்ப எழுந்துரும்.

எப்ப தொத்துதுங்கிறதுதான் எல்லாத்தையும் தீர்மானிக்குது. பெரியவங்களுக்குத் தொத்தினா நூத்துல அஞ்சு பேருக்கும் குறைவாத்தான் நிரந்தரமா தங்கும், பிரசவத்துல அம்மாகிட்ட இருந்து குழந்தைக்குத் தொத்தினா நூத்துக்குத் தொண்ணூறு. தைவான்ல 1984-ல கைக்குழந்தைங்களுக்கு ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போட ஆரம்பிச்சாங்க, அந்தத் தலைமுறைப் பிள்ளைங்களுக்குக் கல்லீரல் புத்துநோயே குறைஞ்சுது. அதனால லேபர் வார்டு போஸ்டிங்ல ராத்திரி ரெண்டு மணிக்குக் குழந்தை பிறந்தாலும், நாளைக்கு ஞாயித்துக்கிழமையா இருந்தாலும், முதல் டோஸ் 24 மணி நேரத்துக்குள்ள போயாகணும், அம்மா பாசிட்டிவ்னா கூடவே ரெடிமேட் ஆன்டிபாடியான இம்யூனோகுளோபுலினும் போகணும், தடுப்பூசி ஒரு தொடையில, இம்யூனோகுளோபுலின் இன்னொரு தொடையில, கேஸ் ஷீட்ல நேரத்தோட எழுதி கையெழுத்துப் போடுங்க. வணக்கம்.