மாரத்தானுக்கு முந்தைய நீண்ட ஓட்டம்: சேலம் சமவெளியிலும் சேர்வராயன் மலையிலும்

[காட்சி: விடியலுக்கு முன் அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு நோக்கிச் செல்லும் சாலை. தெருவிளக்கின் கீழ் நான்கைந்து ஓட்டக்காரர்கள்.]

வணக்கம். மாரத்தான் பந்தயத்தின் தொலைவு 42.195 கிலோமீட்டர். 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய இந்தத் தொலைவு, 1921இல் நிலையான அளவாக ஏற்கப்பட்டது. இதற்கு உடலைப் பழக்குவதற்காக வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில், ஓட்டக்காரர்கள் நீண்ட ஓட்டம் ஒன்றை ஓடுகிறார்கள். ‘லாங் ரன்’ என்று அவர்கள் குறிப்பிடும் அந்த ஓட்டத்தை எதைக் கொண்டு அளப்பது என்பதே இந்தக் காணொளியின் பொருள். பலரும் அதைக் கிலோமீட்டரால் அளக்கிறார்கள். சேலத்தில் பயிற்சி செய்பவர்கள் அதை நேரத்தாலும் மூச்சாலும் அளக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்கள் பாதி உடலில் இருக்கின்றன. மீதி இந்த ஊரின் வெயிலிலும் மலையிலும் இருக்கின்றன.

[காட்சி: உடலின் வரைபடம். தொடைத் தசைகளும் கல்லீரலும் நிறமிட்டுக் காட்டப்படுகின்றன.]

நாம் உண்ணும் சோறும் இட்லியும் செரித்துச் சர்க்கரையாகி, கிளைகோஜன் என்ற வடிவில் தசைகளிலும் கல்லீரலிலும் சேர்கின்றன. தசைகளில் சுமார் 400 முதல் 500 கிராம், கல்லீரலில் சுமார் 100 கிராம் என்று வைத்துக்கொண்டால், மொத்தக் கையிருப்பு ஏறத்தாழ 2,000 கிலோகலோரி. ஓடும்போது உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் ஒரு கிலோகலோரி செலவாகிறது. ஆகவே 60 கிலோ எடையுள்ள ஒருவர் மாரத்தானை ஓடி முடிக்க 2,500 கிலோகலோரிக்கு மேல் தேவைப்படுகிறது. உடலில் உள்ள கொழுப்பு இந்தப் பற்றாக்குறையைப் போல் பல மடங்கு ஆற்றலைத் தரக்கூடியதுதான். ஆனால் அதே அளவு ஆற்றலைக் கொழுப்பிலிருந்து பெறுவதற்குக் கூடுதல் ஆக்சிஜன் வேண்டும் என்பதாலும், கொழுப்பு மெதுவாகவே எரியும் என்பதாலும், கிளைகோஜன் வற்றியதும் வேகம் சட்டென்று விழுந்துவிடுகிறது. 30 கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு பலருடைய கால்கள் கனத்துப்போவதற்கும், சிலருக்குத் தலை சுற்றுவதற்கும் முதன்மையான காரணம் இதுவே.

நீண்ட ஓட்டம் இந்த நிலையை இரண்டு வழிகளில் மாற்றுகிறது. தசை இழைகளைச் சுற்றி இரத்த நுண்குழாய்கள் பெருகுகின்றன. இழைகளுக்குள்ளே ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும் பெருகுகின்றன. அதனால் அதே வேகத்தில் ஓடும்போது உடல் கொழுப்பை அதிகமாகவும் கிளைகோஜனைக் குறைவாகவும் பயன்படுத்தப் பழகுகிறது. இரண்டாவது வழி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மெதுவாக ஓடும்போது முதலில் உழைப்பவை மெல்லச் சுருங்கும் தசை இழைகள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டம் நீளும்போது அவற்றின் எரிபொருள் குறையத் தொடங்கி, அதுவரை ஓய்ந்திருந்த விரைந்து சுருங்கும் இழைகள் ஒவ்வொன்றாக வேலைக்கு அழைக்கப்படுகின்றன. வேகத்துக்காகவே உருவான அந்த இழைகளும் இவ்வாறு நீடித்து உழைக்கக் கற்றுக்கொள்கின்றன. வேகத்தைக் கூட்டாமல் நேரத்தை மட்டும் நீட்டுவதால் கிடைக்கும் பயன் இது. நீண்ட ஓட்டத்தை விரைந்து ஓடி முடிப்பவர், அந்தப் பயன் தொடங்கும் வேளையில் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்.

ஆகவே வேகம் எவ்வளவு இருக்க வேண்டும் என்ற கேள்விக்குக் கடிகாரத்தைவிட மூச்சு நல்ல விடை தரும். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு முழுக் குறளை இடையில் மூச்சு வாங்காமல் பக்கத்தில் வருபவரிடம் சொல்ல முடிந்தால் வேகம் சரி. முதலடிக்குப் பிறகே நின்று மூச்சிழுக்க நேர்ந்தால் வேகம் கூடிவிட்டது என்று பொருள்.

[காட்சி: இரண்டு ஓட்டக்காரர்கள் அருகருகே. ஒருவரின் கீழ் ‘2 மணி 56 நிமிடம்’, மற்றவரின் கீழ் ‘4 மணி நேரம்’ என்ற எழுத்து.]

தயாரிப்பில் ஒருமுறையாவது 32 கிலோமீட்டர் ஓடியிருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லப்படுவதை நான் ஏற்பதில்லை. கிலோமீட்டருக்கு ஐந்தரை நிமிடம் எடுப்பவர் 32 கிலோமீட்டரை 2 மணி 56 நிமிடத்தில் முடிக்கிறார். ஏழரை நிமிடம் எடுப்பவருக்கு அதே தொலைவுக்கு 4 மணி நேரம் ஆகிறது. தொலைவு ஒன்றானாலும், எலும்பும் தசைநாணும் தாங்கும் சுமை ஒன்றல்ல. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடும். தசைநாண்களும் எலும்புகளும் தேறுவதற்குப் பல மாதங்கள் வேண்டும். மெதுவாக ஓடுபவர்கள் மூன்று மணி நேரத்திலோ அதைச் சற்றே தாண்டியோ நிறுத்திக்கொண்டு, தேவையானால் சனிக்கிழமை மாலை 8 அல்லது 10 கிலோமீட்டரைத் தனியாக ஓடிவிட்டு ஞாயிறு காலை களைத்த கால்களுடன் தொடங்குவது பாதுகாப்பான வழி. புகழ்பெற்ற அமெரிக்கப் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் இன்னும் கண்டிப்பாக, இரண்டரை மணி நேரத்தை எல்லையாக வைத்தார்.

மலையில் ஓடிப் பழகுவதற்கு ஒரு நல்ல முன்னோடியும் உண்டு. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் ஆர்தர் லிடியார்ட் என்ற பயிற்சியாளர், தம்மிடம் பயின்றவர்களை ஞாயிறுதோறும் வைதாக்கரே மலைத்தொடரில் ஏறி இறங்கும் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் சுற்றில் ஓட வைத்தார். மாரத்தான் ஓடுபவர்கள் மட்டுமன்றி, 800 மீட்டர் ஓடும் பீட்டர் ஸ்னெல்லும் அந்தச் சுற்றை ஓட வேண்டியிருந்தது. 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் 800 மீட்டரிலும், மர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். அதே ஒலிம்பிக்கின் மாரத்தானில் பாரி மகீ வெண்கலம் பெற்றார். மூவரும் அந்த மலைச்சுற்றில் வளர்ந்தவர்கள்.

[காட்சி: கன்னங்குறிச்சிப் பக்கத்திலிருந்து தெரியும் சேர்வராயன் மலை.]

இனி நம் ஊருக்கு வருவோம். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 278 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,515 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் காற்றின் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பதால், இரண்டு இடங்களுக்கும் இடையே ஏறத்தாழ 8 டிகிரி வேறுபாடு கிடைக்கிறது. வெயில் காலத்தில் சேலத்தின் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொடும் நாட்களில் இந்த 8 டிகிரி மிகப் பெரிய உதவி. சூட்டில் ஓடும்போது உடல் தன்னைக் குளிர்விக்க இரத்தத்தைத் தோலுக்குத் திருப்புகிறது. வியர்வையால் இரத்தத்தின் நீர்ப்பகுதியும் குறைகிறது. வேகம் மாறாதபோதும் இதயத்துடிப்பு மணிக்கு மணி ஏறிக்கொண்டே போவது இதனால்தான். சமவெளியில் காலை ஏழரை மணிக்கு மேல் வேகத்தை விடாமல் பிடிக்க முயல்பவர், உண்மையில் முதல் மணி நேரத்தைவிடக் கடினமாக ஓடிக்கொண்டிருக்கிறார். மூச்சு அதைச் சொல்லும். கையில் கட்டிய கடிகாரத்தின் கிலோமீட்டர்க் கணக்கு சொல்லாது.

[காட்சி: அடிவாரம். மலைப்பாதையின் முதல் வளைவு. பேருந்து ஒன்று திரும்புகிறது.]

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதையின் நீளம் 20 கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல். 100 மீட்டர் ஓடினால் சராசரியாக ஐந்து மீட்டருக்கு மேல் ஏறுகிறோம். இந்தச் சரிவில், சமதளத்தில் ஓடுவதைவிடக் கால் பங்குக்குக் குறையாமல் கூடுதல் ஆற்றல் செலவாகிறது. உயரம் கூடக்கூடக் காற்றழுத்தமும் குறைகிறது. ஏற்காட்டில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடலோரத்தில் கிடைப்பதைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவு. ஆகவே சமவெளியில் 6 நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் ஓடுபவருக்கு இங்கே 8 நிமிடம் ஆனாலும் அதில் குறையொன்றும் இல்லை. குறள் சொல்ல முடிகிறதா என்பதே இங்கும் அளவுகோல். முடியாதபோது நடந்து ஏறுங்கள். இரண்டரை மணி நேர ஏற்றம் இரண்டரை மணி நேர நீண்ட ஓட்டமேதான். அதில் 18 கிலோமீட்டர்தான் வந்தது என்று யாரும் மனம் தளர வேண்டியதில்லை.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் கவனம் வேண்டும். இறக்கத்தில் ஒவ்வோர் அடியிலும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. இந்த வகை வேலை தசை இழைகளில் நுண்ணிய கிழிசல்களை உண்டாக்கும். ஓடும்போது மூச்சு இலகுவாக இருப்பதால் அது தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் மாடிப்படி இறங்கும்போது தெரியும். இதற்கு மருந்தும் அதே இறக்கத்தில்தான் இருக்கிறது: ஒருமுறை அளவாக இறங்கி ஓடிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே சுமையைக் குறைந்த சேதத்துடன் தாங்குகிறது. ஆகவே முதல் சில மலை ஓட்டங்களில் ஓடி ஏறிவிட்டு, ஏற்காட்டிலிருந்து பேருந்தில் இறங்கிவிடுங்கள். பிறகு கடைசி மூன்று நான்கு கிலோமீட்டரை மட்டும் ஓடி இறங்குங்கள். அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீட்டலாம். பந்தயத்துக்கு நான்கு வாரம் இருக்கும்போது கடுமையான இறக்கங்களை நிறுத்திவிட வேண்டும்.

மேலே தங்க முடிந்தவர்களுக்கு ஏற்காட்டின் சுற்றுச்சாலை இருக்கிறது. காப்பித் தோட்டங்களும், சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகுக் கொடிகளும் சூழ, ஏறத்தாழ 32 கிலோமீட்டர் ஏறியும் இறங்கியும் செல்லும் அந்தச் சாலையைவிட நீண்ட ஓட்டத்துக்குப் பொருத்தமான பாதை இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் மலையில் இருட்டில் ஓட வேண்டாம். வளைவுக்கு அப்பால் வரும் வண்டிக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். பனிமூட்டத்தில் பகலிலும் தெரியமாட்டீர்கள். காட்டெருமைகளும் இந்த மலையில் இருக்கின்றன. பளிச்சென்ற சட்டை அணியுங்கள், காதில் எதையும் மாட்டாதீர்கள், கனமழைக்குப் பின் மண்சரிவு உண்டா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

[காட்சி: செப்டம்பர் முதல் ஜனவரி வரையிலான நாட்காட்டி.]

சென்னை மாரத்தான் ஜனவரித் தொடக்கத்திலும், மும்பை மாரத்தான் ஜனவரி மூன்றாம் ஞாயிறன்றும் நடப்பது வழக்கம். அவற்றுக்குச் செப்டம்பரில் தொடங்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் தொடங்கி, வாரத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் கூட்டி, மூன்று வாரம் ஏறியபின் நான்காம் வாரம் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டால் டிசம்பர் நடுவில் மூன்று மணி நேரத்தை எட்டலாம். தீபாவளி வரும் வாரத்தைக் குறைக்கும் வாரமாக வைத்துக்கொள்வது வீட்டாருக்கும் நல்லது. மலை ஓட்டங்களை அக்டோபர், நவம்பரில் வைத்துக்கொண்டு, கடைசி இரண்டு மூன்று நீண்ட ஓட்டங்களைச் சமவெளிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். சென்னையும் மும்பையும் பெரும்பாலும் சமதளப் பாதைகள் என்பதால், ஒரே அசைவை மூன்று மணி நேரம் திரும்பத் திரும்பச் செய்யக் கால்கள் பழகியிருக்க வேண்டும். அந்த ஓட்டங்களின் கடைசி நாற்பது நிமிடத்தை மட்டும் பந்தய வேகத்தில் ஓடிப் பார்க்கலாம்.

[காட்சி: ஒரு கிண்ணத்தில் ஜவ்வரிசிக் கஞ்சி. பக்கத்தில் வெல்லக் கட்டி.]

உணவு விஷயத்தில் சேலத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுக்கும் ஜவ்வரிசி இந்த மாவட்டத்தின் தொழில். 1981இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு நிறுவனமும் இங்கேதான் இருக்கிறது. ஜவ்வரிசி கிட்டத்தட்ட முழுவதும் மாவுச்சத்து. புரதமும் நார்ச்சத்தும் மிகக் குறைவு என்பதால் மற்ற நாட்களில் இது சிறந்த உணவு என்று சொல்லமாட்டேன். ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு, அதே குறைதான் நன்மையாகிறது. 50 கிராம் ஜவ்வரிசியை வெல்லம் போட்டுக் கஞ்சியாகக் குடித்தால் 40 கிராமுக்கு மேல் மாவுச்சத்து வயிற்றை அழுத்தாமல் கிடைக்கும். ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கிறது. பந்தய நாளில் எதைச் சாப்பிடப் போகிறோமோ அதை நீண்ட ஓட்டங்களில் வயிற்றுக்குப் பழக்கிவிட வேண்டும்.

தண்ணீரில் இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு. ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் குடித்ததற்கு மேல் ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது. எடை கூடியிருந்தால் அது எச்சரிக்கை: வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்து இரத்தத்தில் சோடியம் குறைந்தால் உயிருக்கே ஆபத்து. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்ட ஓட்டக்காரர்களில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்ததாக ஓர் ஆய்வு காட்டியது. இளநீரில் பொட்டாசியம் நிறைய இருக்கிறது, சோடியம் குறைவு. வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். ஆகவே நீண்ட ஓட்டத்துக்குப் பின் இளநீர் மட்டும் போதாது. உப்புப் போட்ட மோரும் வேண்டும்.

[காட்சி: பொங்கல் பானை. பின்னணியில் ஓட்டக்காலணிகள்.]

பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு கடைசிப் பெரிய நீண்ட ஓட்டம். அடுத்த ஞாயிறு இரண்டு மணி நேரம், அதற்கடுத்த ஞாயிறு ஒன்றேகால் மணி நேரம் போதும். மும்பைக்குப் போகிறவர்களுக்கு இந்த இறுதி வாரத்தில் பொங்கலும் வருகிறது. கடைசி ஒன்றரை, இரண்டு நாளில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 8 முதல் 10 கிராம் மாவுச்சத்து என்ற கணக்கில் 60 கிலோ எடையுள்ளவருக்கு 480 முதல் 600 கிராம் வரை தேவைப்படுகிறது. 100 கிராம் சோற்றில் சுமார் 28 கிராம்தான் இருக்கிறது. இதை ஒரே வேளையில் உண்ண முடியாது. சோறு, இட்லி, பழம், நெய்யைக் குறைத்த சர்க்கரைப் பொங்கல் என்று ஐந்தாறு வேளையாகப் பிரித்து உண்ணுங்கள். பந்தயத்துக்கு முந்தைய இரவு மட்டும் சற்று முன்னதாகவே, ஏழு மணிக்குள், அளவாக முடித்துவிடுங்கள்.