எந்த ஃபெயார்?

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கும் அன்பு நண்பர்களே, இந்த மழைக்கும் காலி வீதி நெரிசலுக்கும் ஈடுகொடுத்து வெள்ளவத்தைக்கு வந்து மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

பிந்தி வந்தவர்களுக்காகத் தலைப்பை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். ‘ஃபெயார் என்ற ஆங்கிலச் சொல் இத்தனை பொருளைச் சுமப்பது வளமா, வில்லங்கமா?’ வில்லங்கமே என்ற அணியில் நான் இரண்டாவது பேச்சாளர்.

எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். அழகு, வெளிர் நிறம், நியாயம், நல்ல வானிலை, சுத்தப் பிரதி, சுமார், ஓரளவு என்று அடுக்கிக்கொண்டே போய், ‘ஒரு சின்னச் சொல் எத்தனை வேலை செய்கிறது பாருங்கள், இது வளமில்லையா?’ என்று கேட்டார். சந்தையையும் பஸ் கட்டணத்தையும்கூட அந்தக் கணக்கில் சேர்த்தார். ஐயா, அவை இரண்டும் வேறு குடும்பம். திருவிழாச் சந்தையைக் குறிக்கும் ஃபெயார், விடுமுறை நாளைக் குறித்த லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. பஸ்ஸுக்குக் கொடுக்கிற ஃபெயார், பயணம் போவதைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லில் இருந்து வந்தது, எழுத்தும் வேறு. அவற்றைக் கழித்துவிடுவோம். மிச்சமே எனக்குப் போதும்.

நான் ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். புதுக்கடை நீதிமன்றங்களுக்குப் போகிற பத்திரங்கள், பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, வாடகை ஒப்பந்தம் என்று விடிந்தால் பொழுதுபட்டால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் நடுவில் இருப்பவள். எதிரணித் தலைவர் இந்தச் சொல்லைத் தூரத்தில் நின்று ரசித்தார். எனக்கு இதோடுதான் சீவியம்.

கொழும்பில் வீடு வாடகைக்கு எடுத்த எல்லோரும் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்திருப்பீர்கள். ‘ஃபெயார் வெயார் அண்ட் டெயார்’ என்று ஒரு வரி வரும். அதை ‘நியாயமான தேய்மானம்’ என்று எழுதினால் வீட்டுக்காரருக்கும் விளங்காது, குடியிருப்பவருக்கும் விளங்காது. ‘வழமையான பாவனையால் ஏற்படும் தேய்மானம்’ என்று எழுதுவேன். அடுத்த பத்திரத்தில் ஒரு காணியின் ‘ஃபெயார்’ பெறுமதி வரும். அதற்கு நியாயமான விலை என்பது பொருந்தும். எங்கள் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13(3) உறுப்புரை, குற்றம் சாட்டப்பட்ட எவருக்கும் ‘ஃபெயார்’ விசாரணை உண்டு என்கிறது. அங்கே அந்தச் சொல்லின் கனமே வேறு. ஒரு மனிதனின் உயிரும் மானமும் அதில் தொங்குகின்றன.

சரி, இதுவரைக்கும் எனக்கு எதிரணியோடு சண்டை இல்லை. பக்கத்தில் நிற்கும் சொல் கைகொடுக்கிறது. சுவரின் தேய்மானம் அழகா என்று யாரும் கேட்பதில்லை. நீதிமன்ற விசாரணை வெள்ளையா கறுப்பா என்றும் கேட்பதில்லை. வில்லங்கம் எங்கே தொடங்குகிறது தெரியுமா? இந்தச் சொல்லை ஒரு மனிதருக்கு முன்னால் வைக்கும்போது. ‘ஃபெயார்’ பெண் என்றால் அழகான பெண்ணா, வெள்ளைப் பெண்ணா, நியாயம் பார்க்கிற பெண்ணா? இங்கே பக்கத்துச் சொல் உதவிக்கு வராது. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும்.

கடந்த தவணை முடிவில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் மகள் நான்காம் தரம், ஆங்கில மொழி மூலம். தேர்ச்சி அறிக்கையைக் கையில் பிடித்தபடி படியேறி ஓடி வந்தாள். சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை. ‘அம்மா, டீச்சர் என்னை ஃபெயார் எண்டு எழுதியிருக்கிறா!’ முகமெல்லாம் சிரிப்பு. நான் வாங்கிப் பார்த்தேன். கணிதம், ஐம்பத்தி நான்கு புள்ளி. பக்கத்தில் நீல மையில், சாய்ந்த எழுத்தில், ‘ஃபெயார்’. அதாவது, சுமார். பரவாயில்லை, இன்னும் உழைக்க வேணும்.

பிள்ளை அதை எப்படி வாசித்தாள் என்று எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகுதான் பிடிபட்டது. அவள் என்னைப்போல நல்ல கறுப்பு. அவளுடைய பெரியம்மா மகளுக்குக் கலியாணம் பேசின நாட்களில் வீடு முழுக்க அந்தச் சொல்தான் ஓடியது. ‘மாப்பிள்ளை பகுதி ஃபெயார் ஆன பிள்ளை கேட்கினம்’, ‘எங்கட பிள்ளை ஃபெயார்தானே’. மேசைக்குக் கீழே இருந்து விளையாடிய பிள்ளைக்கு அதெல்லாம் காதில் விழுந்திருக்கிறது. ஃபெயார் என்றால் எல்லோரும் விரும்புகிற ஒன்று, தன்னிடம் இல்லாத ஒன்று என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே படித்துவிட்டாள். இப்போது டீச்சரே எழுத்தில் தந்துவிட்டா. அதுதான் அந்த ஓட்டம்.

நடுவர் அவர்களே, இருபது வருடமாக இந்தத் தொழில் செய்கிறேன். ஒரு சொல்லை மொழிபெயர்க்க அன்றைக்குப் போல நான் என்றைக்கும் கஷ்டப்பட்டதில்லை. இது உன் நிறத்தைப் பற்றியது இல்லை என்று சொன்னால் அந்தச் சிரிப்புப் போகும். உன் கணக்கைப் பற்றியது என்று சொன்னால் இன்னொன்றும் போகும். இரண்டையும் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அவள் அறிக்கையைத் திருப்பி வாங்கி அந்தச் சொல்லை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். ‘அப்ப இது வேற ஃபெயாரா?’ என்றாள்.

எதிரணி நண்பர்கள் இதை வளம் என்கிறார்கள்.

இந்தச் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் இதற்கு அழகான, இனிமையான என்றுதான் பொருள். ஐஸ்லாந்துக்காரர்களிடம் இதே வேரில் பிறந்த ‘ஃபாகுர்’ என்ற சொல் இன்றைக்கும் இருக்கிறது, அங்கே அது அழகைத்தான் குறிக்கிறது. ஆங்கிலத்தில் என்ன நடந்தது? வெளிர் தோலும் பொன் முடியும்தான் அழகு என்று நினைத்த ஒரு சமூகம், அழகுக்கு இருந்த சொல்லையே அந்த நிறத்துக்கும் எழுதிக்கொடுத்துவிட்டது. நியாயம் என்ற பொருளும் அதே சொல்லில் வந்து குடியேறியது. இது எனக்கு மட்டும் தோன்றுகிற குறை இல்லை. ஷேக்ஸ்பியருடைய சொனெட்டுகள் 1609இல் அச்சாகின. அதில் ஒன்று, முற்காலத்தில் கறுப்பை ‘ஃபெயார்’ என்று எண்ணவில்லை என்றுதான் தொடங்குகிறது. நானூறு வருடத்துக்கு முன்னரே அந்த மொழியின் பெரும் புலவருக்கு இந்த முடிச்சு தெரிந்திருக்கிறது.

அது எங்கள் குளியலறை வரைக்கும் வந்தது. 1975இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஃபெயார் அண்ட் லவ்லி என்ற கிறீம், 2020இல் அந்த முதல் சொல்லைக் கழற்றிவிட்டு க்ளோ அண்ட் லவ்லி ஆனது. உலகம் முழுக்க நிறவெறிக்கு எதிரான குரல் எழுந்த வருடம் அது. நாற்பத்தைந்து வருடம் விற்ற பெயரை மாற்றுவது லேசான காரியமா? அந்தச் சொல்லுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துபோனதால்தான் மாற்றினார்கள்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் தம்பி ஒரு நல்ல கேள்வி கேட்டார். அதை நான் தாண்டிப் போக மாட்டேன். ‘தமிழில் மட்டும் என்ன? செம்மை என்றால் சிவப்பு, செம்மை என்றால் நேர்மை. செந்தாமரையும் செங்கோலும் ஒரே வேர்தானே? அக்கா தமிழையும் வில்லங்கம் என்று சொல்லுவாவா?’ என்றார்.

தம்பி, வேர் ஒன்றுதான். ஆனால் எங்கள் வாய் என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள். ‘செம்மையான பிள்ளை’ என்று சொன்னால் இந்த மண்டபத்தில் யாராவது தோலை நினைப்பீர்களா? ‘சிவந்த பிள்ளை’ என்றால் யாராவது நேர்மையை நினைப்பீர்களா? பள்ளிக்கூடத்தில் செங்கோணம் கீறுகிற பிள்ளை சிவப்புப் பென்சிலைத் தேடுவதில்லை. தமிழ் அந்த இரண்டையும் பிரித்துக் கரை சேர்த்துவிட்டது. ஆங்கிலம் இந்தச் சொல்லில் அதைச் செய்யவில்லை.

அவர் காளமேகப் புலவரையும் கூட்டி வந்தார். பாம்புக்கும் எள்ளுக்கும் சிலேடை பாடிய புலவர் அவர். கேட்க எனக்கும் ஆசைதான். ஆனால் சிலேடையில் கேட்கிறவனுக்கு இரண்டு பொருளும் தனித்தனியாகத் தெரியும். பாம்பு ஒரு பக்கம், எள்ளு ஒரு பக்கம், நடுவில் புலவரின் கெட்டித்தனம். இரண்டும் தெரிந்தால்தான் சுவை. ஃபெயார் அப்படியா? அழகைக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நிறத்தை விழுங்கிவிடுகிறோம். விழுங்கினதே தெரிவதில்லை.

தமிழர்களிடம் இந்த நோய் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ‘பிள்ளை நல்ல நிறம்’ என்று சொல்கிறோம். நல்ல நிறம் என்றால் எது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. என்னைப் பார்த்து அப்படி ஒருவரும் சொன்னதில்லை. ஆனால் அதைவிடப் பழைய தமிழ் வேறு மாதிரி இருந்தது. குறுந்தொகையில் வெள்ளிவீதியாரின் தலைவி எதை இழந்து வருந்துகிறாள்? மாமைக் கவினை. மாந்தளிரின் கருமை படர்ந்த அந்த நிறம்தான் அவளுடைய அழகு. பிரிவுத் துயரில் மேனி வெளிறினால் அதற்குப் பசலை என்று பெயர், அது நோய். அழகுக்கு ஒரு சொல், நிறத்துக்கு ஒரு சொல், நோய்க்கு ஒரு சொல் தனித்தனியாக வைத்திருந்தவர்கள் நாங்கள். எங்கள் அம்மம்மாமார் ‘ஃபெயார்’ என்று சொல்லவில்லை. அந்தச் சொல் வந்த பிறகு, முகத்துக்கு நேரே ‘கறுப்பு வேண்டாம்’ என்று சொல்லக் கூச்சப்பட்டவர்கள்கூட ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொல்லப் பழகிவிட்டார்கள். கனடாவுக்கும் லண்டனுக்கும் போகிற கலியாணக் குறிப்புகளை நான்தான் மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். தமிழில் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருப்பார்கள். ஆங்கிலப் பிரதியில் மட்டும் ‘ஃபெயார் எண்டு போட்டுவிடுங்கோ’ என்பார்கள்.

இன்னும் ஒன்று. நியாயம் என்ற பொருளிலாவது இந்தச் சொல் ஒழுங்காக வேலை செய்கிறதா? 1995 டிசம்பர் 26, மெல்பேர்ண் மைதானம். கண்டியில் பிறந்த எங்கள் முத்தையா முரளிதரன் பந்து வீசுகிறார். முழங்கையை நேராக்கிப் பந்தை எறிகிறார் என்று நடுவர் டரல் ஹெயார் ஏழு தடவை ‘நோ போல்’ என்று கை நீட்டினார். கையைப் பொறுத்தவரை பந்து ‘ஃபெயார்’ ஆக இருக்க வேண்டும் என்பது கிரிக்கெட் விதி. எது ஃபெயார்? அன்றைக்கு அது பார்க்கிறவருடைய கண்ணில் இருந்தது. ஆய்வுகூடத்தில் கமராக்கள் வைத்து அளந்து பார்த்த பிறகுதான், மற்றப் பந்துவீச்சாளர்களின் முழங்கையும் கொஞ்சம் நேராகிறது என்று தெரிந்தது. 2005இல் முழங்கை 15 பாகை வரை நேராகலாம் என்று எல்லை போட்டார்கள். 2010இல் காலியில் 800ஆவது விக்கெட்டை எடுத்துவிட்டு அவர் டெஸ்ட் விளையாட்டில் இருந்து விடைபெற்றார். பத்து வருடம் ஒரு மனிதரைக் கள்ளன் மாதிரி பார்க்க வைத்தது, யார் எப்படியும் வாசிக்கக்கூடிய ஒரு சொல். அவரை மீட்டெடுத்தது ஒரு இலக்கம்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. ஒரு நிமிடம் தாருங்கள், முடித்துவிடுகிறேன்.

தேர்ச்சி அறிக்கை வந்து இரண்டு நாளுக்குப் பிறகு, வீட்டில் பட்டர் கேக் வெட்டினேன். தம்பிக்காரனுக்குப் பெரிய துண்டு போய்விட்டது. கொழும்புப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் முதல் பழகுகிற வசனங்களில் ஒன்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். என் மகளும் அதைத்தான் தொடங்கினாள். ‘தட்ஸ் நொட் ஃபெ...’ என்றவள் பாதியில் நின்றுவிட்டாள். தட்டைப் பார்த்தாள், தன் கையைத் திருப்பிப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

‘அம்மா, இதுக்கு எந்த ஃபெயார்?’

நான் அவளுக்கு இன்னொரு துண்டு வெட்டி வைத்து, ‘நியாயம் எண்டு தமிழிலேயே கேளுங்கோ பிள்ளை’ என்றேன். அவள் தம்பியின் பக்கம் திரும்பி, ‘டேய், இது நியாயமில்லை’ என்று உரத்துச் சொன்னாள்.

நன்றி, வணக்கம்.