மூலியான் ஓடையின் வாசம்

அனைவருக்கும் வணக்கம். பாரசீக மொழி பேசும் நாடுகளைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். ஒரு கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பத்தாம் நூற்றாண்டில் புகாராவை ஆண்ட சாமானி வம்ச அரசர் நஸ்ர், ஹெராத்துக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். அந்த ஊர்த் திராட்சையும் காற்றும் அவரை விடவில்லை. நான்கு ஆண்டு ஓடிவிட்டது. வீட்டை நினைத்து ஏங்கிய படைத்தலைவர்கள் கவிஞர் ரூதகியிடம் போய் நின்றார்கள். அவர் ஒரு காலையில் யாழை எடுத்து, புகாராவின் மூலியான் ஓடை வாசம் வருகிறது என்று பாடினார். அவ்வளவுதான், அரசர் காலணிகூட மாட்டாமல் குதிரையேறிவிட்டார். பின்னாலேயே ஓடி, வழியில்தான் அதைக் கொடுத்தார்களாம். கதையில் மிகை இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்போது வரைபடத்தைப் பாருங்கள். ரூதகி பிறந்த பஞ்ச்ரூத் இன்று தாஜிகிஸ்தானில் இருக்கிறது. புகாரா உஸ்பெகிஸ்தானில், ஹெராத் ஆப்கானிஸ்தானில். அதே கவிதையை மெட்டமைத்துப் பாடியவர்களோ ஈரானியப் பாடகர்கள். நான்கு நாட்டுக்காரர்களும் ‘எங்கள் கவிதை’ என்று சொன்னால், நான்கு பேர் சொல்வதும் சரிதான்.

மொழிக்குப் பெயர் மட்டும் வேறு: ஈரானில் பார்சி, ஆப்கானிஸ்தானில் தாரி, தாஜிகிஸ்தானில் தாஜிகி. மருத்துவமனையைத் தெஹ்ரானில் பீமாரிஸ்தான் என்பார்கள், காபூலில் ஷஃபாகானா. காதால் கேட்டால் புரிந்துவிடும். எழுத்தில்தான் சுவர். மற்ற இரண்டையும் போல அரபு எழுத்தில் எழுதிவந்த தாஜிகியை, சோவியத் ஆட்சி 1920களின் இறுதியில் லத்தீன் எழுத்துக்கும், 1940வாக்கில் ரஷ்ய மொழியின் சிரிலிக் எழுத்துக்கும் மாற்றியது. ரூதகியை மனப்பாடமாகச் சொல்லும் தாஜிகிஸ்தான் தலைநகர் துஷான்பேயின் ஒரு பெண்ணுக்குத் தெஹ்ரானில் அச்சான ரூதகியை வாசிக்கத் தெரியாமல் போகலாம். எனக்கு இது பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. பழைய எழுத்தைத் தாஜிகிஸ்தான் மக்கள் ‘முன்னோர் எழுத்து’ என்கிறார்கள். அதை மீட்க 1989 மொழிச் சட்டம் வழி சொன்னது. ஆனாலும் நாளிதழும் பாடநூலும் இன்றும் சிரிலிக்கில்தான்.

குரலுக்கு இந்தத் தடை இல்லை. 1979இல் மறைந்த காபூல் பாடகர் அகமது ஜாகிரின் பாடல்களைத் தாஜிகிஸ்தானிலும் கொண்டாடுகிறார்கள்.

பாரசீகப் புத்தாண்டான நவ்ரூஸ் வந்தால் பாருங்கள். முளைவிட்ட கோதுமையை அரைத்துப் பாலெடுத்துப் பெரிய அண்டாவில் காய்ச்சுவார்கள். ஈரானில் அது சமனூ, காபூலில் சமனக், துஷான்பேயில் சுமனக். சர்க்கரை போடாமலே இனிக்கும். அடிப்பிடிக்காமல் இரவெல்லாம் கிளற வேண்டும். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி, கை மாற்றிக் கை மாற்றி, விடியும்வரை பாடிக்கொண்டே கிளறுகிறார்கள்.