இரவைக் கேட்கும் செடி

நேயர்களுக்கு வணக்கம்.

தொட்டியில் வளர்க்கும் சதைப்பற்றுச் செடிகளைப் பூக்க வைப்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். சக்குலென்ட் என்று சொல்கிறோமே, அவைதான். இலையிலோ தண்டிலோ தண்ணீரைச் சேமித்து வைத்துக்கொண்டு, நாம் நாலு நாள் மறந்தாலும் கோபித்துக்கொள்ளாத செடிகள். உங்களில் பலருடைய வீட்டு ஜன்னலோரம் இப்போதும் ஒன்று உட்கார்ந்திருக்கும். வாங்கி வந்த அன்று தலை கொள்ளாத பூவோடு இருந்திருக்கும். அந்தப் பூ வாடியது. பிறகு இலை, மறுபடியும் இலை, அதற்கு மேலும் இலை. செடி கொழுகொழுவென்று இருக்கிறது; மொட்டைத்தான் காணோம். பல வருடங்களாக என்னிடம் வந்து சேரும் கேள்வி இதுதான்: “நல்லாத்தான் இருக்கு, ஏன் பூக்க மாட்டேங்குது?”

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருட்டு. எல்லாச் செடிக்கும் இல்லை, ஆனால் நிறையப் பேர் வைத்திருக்கும் கலஞ்சோவுக்கு அதுதான். தடித்த பச்சை இலை, ஓரத்தில் மெல்லிய வெட்டு, உச்சியில் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு என்று கொத்துக்கொத்தாகச் சின்னப் பூக்கள். மடகாஸ்கர் தீவில் பிறந்த செடி. 1930களில் ஜெர்மனியின் பிளாஸ்ஃபெல்ட் என்ற செடி வளர்ப்பாளர் இதைத் தொட்டிச் செடியாகப் பரப்பினார். அதனால் அவர் பெயரே இதன் தாவரவியல் பெயரில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இந்த இருட்டு விஷயத்தை எனக்குக் கற்றுக் கொடுத்தது ஒரு பல்பு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் சொல்ல வந்தது முழுவதும் இதற்குள் இருக்கிறது.

எங்கள் வீட்டு மாடிப்படித் திருப்பத்தில் கிழக்குப் பார்த்த ஜன்னல் ஒன்று. காலை வெயில் தாராளமாக வரும். அங்கேதான் என் கலஞ்சோ இருந்தது. மூன்று வருடம் பூக்கவே இல்லை. உரம் மாற்றினேன். மண் மாற்றினேன். தொட்டியைப் பெரிதாக்கினேன். தண்ணீரைக் கூட்டினேன், குறைத்தேன். அதற்கு நேர் மேலே படிக்கட்டு விளக்கு, தினமும் ராத்திரி பதினொன்று வரை எரியும். அதை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. பனிக்காலம் தொடங்கும் சமயத்தில் அந்த பல்பு பியூஸ் போனது. இன்றைக்கு மாற்றலாம், நாளைக்கு மாற்றலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே, சுவரைத் தடவித் தடவிப் படியேறிக்கொண்டிருந்தோம். இரண்டு மாதம் ஓடிவிட்டது. ஒருநாள் காலை தண்ணீர் ஊற்றப் போனபோது பார்க்கிறேன், உச்சி இலை இரண்டுக்கும் நடுவே பச்சையாகக் கடுகைக் குவித்து வைத்ததுபோல ஏதோ இருக்கிறது. முதலில் பூச்சி என்றுதான் பயந்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு கடுகும் ஒரு மொட்டு. நாற்பது இருக்கும். ஓடிப்போய் அக்காவைக் கூப்பிட்டேன். போன மாதம் போட்ட உரம்தான் வேலை செய்திருக்கிறது என்றேன். அக்கா மொட்டைப் பார்த்தாள், தலையை நிமிர்த்தி பல்பைப் பார்த்தாள். “உரம் நீ மூணு வருஷமாப் போடுறே. புதுசா நடந்தது இது ஒண்ணுதானே? இந்தச் செடி இப்பத்தான்டா முழு ராத்திரியப் பாத்திருக்கு” என்றாள்.

அக்கா சொன்னது எவ்வளவு சரி என்பது, பிறகு நான் படிக்கப் படிக்கத்தான் புரிந்தது. அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்று இரண்டு விஞ்ஞானிகள் ஒரு புகையிலை ரகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். கோடையில் ஆளுயரத்துக்கு மேல் வளரும், பூக்காது. அதையே குளிர்காலத்தில் கண்ணாடிக் குடிலுக்குள் வளர்த்தால் பூத்துவிடும். வெப்பமா, ஈரமா, உரமா என்று ஒவ்வொன்றாகச் சோதித்துக் கழித்துக்கட்டினார்கள். கடைசியில் வெளிச்சமே வராத ஒரு சிறு கொட்டகை கட்டி, கோடை நாளிலேயே மாலை வெளிச்சம் இருக்கும்போதே செடியை உள்ளே தள்ளி அடைத்தார்கள். செடி பூத்தது! 1920இல் அந்த முடிவை வெளியிட்டார்கள். பகல் குறுகினால் பூக்கும் செடி என்பதால் குறும்பகல் தாவரம் என்று பெயர் வைத்தார்கள். 1938இல் ஹாம்னர், பானர் என்ற இருவர், நம் வேலியோரம் முளைக்குமே மருளூமத்தை, அந்த இனச் செடியை வைத்து இன்னும் ஒரு படி மேலே போனார்கள். நீண்ட இரவின் நடுவே கொஞ்ச நேரம் விளக்கைப் போட்டு அணைத்தார்கள். அவ்வளவுதான், செடி பூக்கவில்லை. அப்படியானால் செடி கணக்குப் பார்ப்பது இரவின் நீளத்தைத்தான். அதுவும் இடையில் அறுந்துபோகாத இரவின் நீளத்தை. இலைக்குள் ஃபைட்டோகுரோம் என்று ஒரு நிறமி இருக்கிறது. வெளிச்சம் பட்டதும் அது உருமாறி, ‘இன்னும் பகல்தான்’ என்று செடிக்குச் சொல்லிவிடும். என் படிக்கட்டு விளக்கு மூன்று வருடமாகச் செய்த வேலை அதுதான்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கலஞ்சோவுக்குத் தினமும் 14 மணி நேரம் இருட்டு வேண்டும், தொடர்ந்து ஆறு வாரம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துவிடுங்கள், காலை எட்டு மணிக்கு எடுத்துவிடுங்கள். பெட்டியில் ஓட்டை இருக்கக் கூடாது, மடிப்பு இடுக்கு வழியாகவும் வெளிச்சம் கசியக் கூடாது. நடுவில் “மொட்டு வந்துவிட்டதா” என்று ராத்திரி தூக்கிப் பார்க்காதீர்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே வருடம் முழுவதும் பகலும் இரவும் கிட்டத்தட்ட சமம். வானம் தரும் இரவே எல்லைக்கோட்டில்தான் நிற்கிறது. அதில் ஒரு தெருவிளக்கு மூக்கை நுழைத்தால் காரியம் கெட்டது. மொட்டு நன்றாகத் தெரிந்த பிறகு பெட்டி தேவையில்லை. பூ விரிய மேலும் சில வாரங்கள் ஆகும், பொறுத்திருங்கள்.

இன்னொரு முறை சொல்கிறேன், இப்போதுதான் ரேடியோவைத் திருப்பியவர்களுக்காக: 14 மணி நேரம், ஆறு வாரம், முழு இருட்டு. அதே சமயம், பெட்டியை எடுத்த மற்றப் பத்து மணி நேரமும் செடி நல்ல வெளிச்சத்தில் இருக்க வேண்டும். இருட்டு நல்லது என்று கேட்டுவிட்டுச் செடியை ஒரு மூலையில் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. பகலில் வெளிச்சம் போதாத செடி கழுத்தை நீட்டி, இலைக்கும் இலைக்கும் இடைவெளி விட்டு, சோனியாக வளரும். அதற்குப் பூக்கத் தெம்பு இருக்காது.

இரவைப் பற்றிப் பேசும்போது இந்தக் குடும்பத்தின் இன்னொரு அதிசயத்தையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கலஞ்சோவின் நெருங்கிய உறவு நம் ரணகள்ளி. இலை ஓரத்திலேயே குட்டி முளைக்குமே, அந்தச் செடி. சென்னையில் பணியாற்றிய பெஞ்சமின் ஹைன் என்ற தாவரவியலாளர் அதன் இலையை மென்று பார்த்தார். காலையில் நல்ல புளிப்பு, நண்பகலில் சுவையே இல்லை. 1815இல் அவர் குறிப்பு வெளியானது. காரணம் என்னவென்றால், இந்தச் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு நீரைக் காக்கின்றன; இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி அமிலமாக்கி வைத்துக்கொள்கின்றன; விடிந்ததும் அந்த இருப்பை எடுத்துச் செலவழிக்கின்றன. பூப்பதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது, இரண்டும் தனித்தனி வேலை. ஆனாலும் இரவு இந்தச் செடிகளுக்கு எவ்வளவு பெரிய பொழுது என்று பாருங்கள். ஒரு வேண்டுகோள்: நீங்கள் யாரும் மென்று பார்க்க வேண்டாம். கலஞ்சோ இனத்தில் இதயத்தைப் பாதிக்கும் நச்சு உண்டு. பூனை, நாய், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

உரம் பற்றிச் சுருக்கமாக. தழைச்சத்து அதிகமான உரம் இலையைத்தான் கொழுக்க வைக்கும். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் கூடியதை, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் பாதியாகக் கரைத்து, மாதம் ஒருமுறை ஊற்றினால் போதும். தொட்டி கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கட்டும். மேல் மண்ணில் விரலை முதல் கணு வரை விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். அடியில் தட்டு இருந்தால் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள்.

எல்லாச் சதைப்பற்றுச் செடிக்கும் பெட்டியைக் கவிழ்த்துவிடாதீர்கள்! பாலைவன ரோஜா என்கிற அடீனியத்துக்கு வேண்டியது சுள்ளென்ற வெயில். பூ கிளை நுனியில் வருவதால், குளிர் விலகியதும் கிளைகளை வெட்டிவிட்டால் நுனிகள் பெருகும், பூவும் பெருகும். வெட்டும்போது வரும் பால் நஞ்சு, கண்ணில் பட்டுவிடக் கூடாது. முள்கிரீடம் என்கிற யூபோர்பியாவும் வெயில் பிரியம்தான். வெயில் இருந்தால் வருடம் முழுவதும் கூடப் பூக்கும். ரோஜாப்பூப் போல இலையை அடுக்கி வைத்திருக்கும் எச்செவேரியா நல்ல வெளிச்சத்தில் தானாகவே வளைந்த பூந்தண்டை நீட்டும். அதன் இலைமேல் இருக்கும் சாம்பல் பூச்சைத் தொட்டுப் பார்க்காதீர்கள், அழிந்த இடத்தில் பழையபடி வராது.

இனி, பூத்த பிறகு. கலஞ்சோவின் பூ ஒன்றைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். நான்கே இதழ். காலையில் விரியும், இரவில் குவியும். தொடர்ந்து இருட்டில் வைத்தாலும் சில நாட்கள் அந்த விரிதலும் குவிதலும் நிற்காது. உள்ளுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அடுக்கு இதழ் ரகங்களில் இதைப் பார்க்க முடியாது, நான்கிதழில் பாருங்கள். இந்தப் பூ வாரக்கணக்கில் நிற்கும். உச்சி வெயிலிலிருந்து தள்ளி, குளுமையான வெளிச்சத்தில் வைத்தால் இன்னும் கூடுதலாக நிற்கும். தண்ணீரை மண்ணில் ஊற்றுங்கள், பூக்கொத்தில் தெளிக்காதீர்கள்; ஈரம் தங்கினால் சாம்பல் பூஞ்சணம் பிடித்துக் கொத்தே அழுகிவிடும். பழுக்கிற பழங்களுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு பட்டால் பூ சுருண்டு மூடிக்கொண்டு வாடும். பூந்தண்டை வாரம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அசுவினியும் மாவுப்பூச்சியும் இளந்தண்டைத்தான் தேடி வரும். ஈரத் துணியால் துடைத்தாலே ஆரம்பத்தில் போய்விடும். எறும்பு வரிசையாக ஏறுகிறது என்றால் மேலே பூச்சி இருக்கிறது என்று...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. பதியன் போடுவது பற்றிச் சொல்ல நினைத்தேன், அதற்கு இப்போது இடமில்லை. இரண்டே இரண்டு விஷயம்.

கொத்தில் முக்கால்வாசி வாடியதும், தண்டோடு, கீழே இருக்கும் நல்ல இலை ஜோடிக்குச் சற்று மேலே வெட்டிவிடுங்கள். பூ போய்விட்டதே என்று செடியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கலஞ்சோ பல வருடச் செடி. வெட்டிய இடத்துக்குக் கீழிருந்து பக்கக் கிளைகள் வரும். அடுத்த வருடம் மறுபடி ஆறு வாரம் பெட்டியைக் கவிழ்த்தால் ஒவ்வொரு கிளையும் ஒரு கொத்து தரும்.

இன்னொன்று, இலைகள் ரோஜாப்பூப் போல அடுக்கிய செம்பர்விவம், கற்றாழையைப் போலவே இருக்கும் அகேவ், இவற்றை வைத்திருப்பவர்களுக்கு. பெரும்பாலும் இவை பூத்து முடிந்ததும் பூத்த அந்த இலைக்கொண்டை காய்ந்துவிடும். அவற்றின் இயல்பு அது. நீங்கள் தண்ணீர் ஊற்றியதிலோ உரம் போட்டதிலோ குற்றமில்லை, மனதை வருத்திக்கொள்ளாதீர்கள். காய்ந்ததைப் பிடுங்கும் முன் அடிமண்ணை விலக்கிப் பாருங்கள். பெரும்பாலும் சுற்றிலும் குட்டிகள் இருக்கும். வேரோடு எடுத்து, வெட்டுக்காயம் ஆற இரண்டு மூன்று நாள் நிழலில் உலர்த்தி, அப்புறம் நடுங்கள்.

விரல் ஒன்றாகிவிட்டது. கேட்டுக்கொண்டிருந்த அனைவருக்கும் நன்றி, வணக்கம்.